பழங்காலக் காதலர் தின அட்டைகள்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1800களின் தொடக்கத்திலிருந்து 1930கள் வரை இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் உருவான வேலன்டைன் அட்டைகளை வாங்குவது, இனம் காண்பது, கெடாமல் வைத்திருப்பது பற்றிய கேள்விகள் இங்கே இருக்கின்றன. நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் இவற்றை வைத்திருப்பவர்களுக்கான பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே கொடுத்திருக்கிறோம்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறேன். எந்த வகையில் ஆரம்பிக்கலாம்?

1900 முதல் 1914 வரை ஜெர்மனியில் அச்சான தபால் அட்டைகளிலும், வடிவம் வெட்டி மடித்து நிறுத்தும் அட்டைகளிலும் ஆரம்பியுங்கள். லட்சக்கணக்கில் அச்சானவை என்பதால் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. அச்சின் தரமோ அபாரம்: ஒரே படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கற்களில் தனித்தனி நிறம் ஏற்றிய வண்ணக் கல்லச்சு. அதைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிய பிறகு, 1840–1870 காலத்து லேஸ் காகித அட்டைகளுக்குப் போகலாம். விலை, போலி, பராமரிப்பு மூன்றிலும் சிக்கல் அதிகமுள்ள வகை அது.

அதற்கும் முந்தையவை கையால் செய்தவை. சதுரத் தாளைப் பலமுறை மடித்து, ஒவ்வொரு மடிப்பைத் திறக்கும்போதும் ஒரு கவிதை அடி வருமாறு எழுதிய புதிர் மடிப்புகள், கத்தரியால் வெட்டிய இதயங்கள், முடிவே இல்லாமல் பின்னிச் செல்லும் காதல் முடிச்சுகள் இந்த வகையில் சேரும். அச்சடித்தவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது, லண்டன் ஜான் ஃபேர்பர்ன் 1797 ஜனவரி 12 என்று தேதியிட்டு வெளியிட்ட அட்டை. அது இப்போது யார்க் காசில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லேஸ் காகிதம் என்பது என்ன? எல்லோரும் ஏன் அதைப் பற்றியே பேசுகிறார்கள்?

எஃகு அச்சில் தாளை அழுத்திப் பூவேலையைப் புடைக்க வைப்பார்கள். பிறகு புடைத்த முகடுகளை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்ப்பார்கள். தேய்ந்த இடம் ஓட்டையாகும், தேயாத இடம் வலையாக நிற்கும். 1834-ல் லண்டன் டாப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜோசப் அடன்புரூக் இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். டாப்ஸ், மேன்செல், மீக், விண்ட்சர், மல்லார்ட் ஆகியவை இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள்.

கையால் தேய்த்த லேஸைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஓட்டைகளின் விளிம்பு சீராக இருக்காது. சில இடங்களில் தாள் மெலிந்து பஞ்சுபோல் நூலிழை நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டொரு ஓட்டைகள் பாதி திறந்தபடியே நிற்கும். பின்னாளில் இயந்திரம் ஒரே அழுத்தில் வெட்டிய லேஸில் எல்லா ஓட்டையும் கூர்மையாகவும் ஒரே மாதிரியாகவும் இருக்கும். காலத்தைக் கணிக்க இதைவிட நம்பகமான அடையாளங்கள் அதிகம் இல்லை.

அட்டையில் ஆண்டே போடவில்லை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கணிப்பது?

பெரும்பாலான அட்டைகளில் ஆண்டு இருக்காது. ஒரே அடையாளத்தை நம்பி முடிவு சொல்லாமல், மூன்று நான்கை ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள்.

முதலில் தபால். பிரிட்டனில் ஒரு பென்னி தபால் 1840 ஜனவரி 10-ல் வந்தது. அதுவரை எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று எண்ணிக் கட்டணம் வாங்கினார்கள். உறை போட்டால் அதுவும் இன்னொரு தாள் கணக்கு. அதனால் 1840-க்கு முந்தைய அட்டைகள் பெரும்பாலும் உறை இல்லாமல், தாளையே மடித்து அரக்கு வைத்து, வெளிப்பக்கம் முகவரி எழுதியவை. கறுப்புப் பென்னி தபால்தலை 1840 மே மாதமும், சிவப்புப் பென்னி 1841-லும் வந்தன. பென்னி தபாலுக்குப் பிறகுதான் புடைப்பு வேலை செய்த அழகான வேலன்டைன் உறைகள் பெருகின.

அடுத்து நீர்க்குறி. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சில ஆங்கிலத் தாள்களில் ஆலையின் பெயரும் ஆண்டும் தெரியும். தாள் அந்த ஆண்டுக்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது என்பதற்கு அது சாட்சி. கடையில் சில வருடம் கிடந்து பிறகு அட்டையானதும் உண்டு.

மூன்றாவது, லேஸின் கீழ் விளிம்பு. அங்கேதான் தயாரிப்பாளர் பெயரைப் பூவேலைக்கு நடுவே மிகச் சிறியதாகப் புடைத்திருப்பார்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு மேசையாகப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். டாப்ஸ் நிறுவனம் கூட்டாளிகள் மாற மாறப் பெயரையும் மாற்றிக்கொண்டது. டாப்ஸ், டாப்ஸ் பெய்லி, டாப்ஸ் கிட் என்று எது இருக்கிறது என்பதை வைத்தே காலத்தை ஓரளவு குறுக்கிவிடலாம்.

‘ஜெர்மனி’ என்று நாட்டுப்பெயர் அச்சாகியிருந்தால் அது அமெரிக்கச் சந்தைக்குப் போன, 1891 அல்லது அதற்குப் பிந்தைய அட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இறக்குமதிப் பொருளில் நாட்டுப்பெயர் வேண்டும் என்று 1890-ம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டம் கட்டாயமாக்கியது. தபால் அட்டை என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். முகவரிப் பக்கத்தில் நடுக்கோடு போட்டுச் செய்தியும் எழுதலாம் என்பது பிரிட்டனில் 1902, ஜெர்மனியில் 1905, அமெரிக்காவில் 1907 மார்ச் முதல் வந்த வசதி.

பின்னால் சிவப்பு ‘எச்’ எழுத்து இருப்பதால் எஸ்தர் ஹவ்லண்ட் அட்டை என்கிறார்கள். நம்பலாமா?

எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். எஸ்தர் ஹவ்லண்ட் 1828-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் பிறந்தவர். 1847-ல் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்விக்கூடத்தில் படிப்பை முடித்தார். எழுதுபொருள் கடை வைத்திருந்த அப்பாவின் மூலம் இங்கிலாந்திலிருந்து லேஸ் காகிதமும் வண்ணப் படங்களும் வரவழைத்து அட்டை செய்யத் தொடங்கினார். நீண்ட மேசையில் பெண்களை உட்காரவைத்து, ஒருவர் படம் வெட்ட, ஒருவர் அடித்தாள் ஒட்ட, ஒருவர் லேஸை ஏற்ற என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பின்னர் நியூ இங்கிலாந்து வேலன்டைன் கம்பெனி என்ற பெயரில் நடத்தி, 1880 வாக்கில் ஜார்ஜ் விட்னியிடம் விற்றுவிட்டார். விட்னி அட்டைகளில் சிவப்பு ‘டபிள்யூ’ இருக்கும். அந்த நிறுவனம் 1942 வரை நடந்தது.

ஹவ்லண்ட் அட்டையில் பார்க்க வேண்டியது கட்டுமானத்தை. வெள்ளை லேஸுக்கு அடியில் பளபளப்பான வண்ணத்தாளின் சிறு துண்டு தெரியும். லேஸ் அடுக்குகளை மடித்த காகிதக் கீற்றுகள் ஸ்பிரிங்போலத் தூக்கிப் பிடித்திருக்கும். கவிதை பெரும்பாலும் உள்பக்கத்தில் சின்னச் சீட்டாக ஒட்டியிருக்கும். இந்தச் சீட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: வாங்குபவருக்குப் பிடித்த கவிதையைத் தேர்ந்தெடுத்து ஏற்கெனவே இருப்பதன்மேல் ஒட்டிக்கொள்ளட்டும் என்று அந்த நிறுவனம் 1879-ல் கவிதைப் புத்தகமே வெளியிட்டது. ஆகவே சீட்டின்மேல் சீட்டு இருந்தால் யாரோ பின்னாளில் ஒட்டுப்போட்டது என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள். அது அந்த அட்டையின் சொந்த வரலாறு.

இன்னொன்று: லேஸ் விளிம்பில் ஆங்கிலேயத் தயாரிப்பாளர் பெயர் இருந்தாலும் அட்டை அமெரிக்காவில் கட்டியதாக இருக்கலாம். அந்தப் பெயர் தாளைச் செய்தவருடையது. அட்டையைக் கட்டியவர் வேறு ஆளாக இருக்கலாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுப் போலியைவிட அதிகம் தொந்தரவு தருவது ஒட்டுச்சேர்க்கைதான். பழைய லேஸ் உண்மையானது, நடுவில் இருக்கும் படம் புதியது. அல்லது உடைந்த இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருப்பார்கள்.

10 மடங்கு பூதக்கண்ணாடியும் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சும் போதும். பூதக்கண்ணாடியில் கல்லச்சுப் படம் ஒழுங்கில்லாத புள்ளிகளாகவும் கறைகளாகவும் தெரியும். வரிசை மாறாத சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள் பூப்போலக் கூடியிருந்தால் அது புகைப்பட முறை நான்கு வண்ண அச்சு. 1860-ம் ஆண்டு அட்டை என்று சொல்லப்படுவதில் அது இருக்க வழியே இல்லை. புற ஊதா வெளிச்சத்தில் தாள் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ந்த தாள். 1950 வாக்கில்தான் அது காகிதத்தில் புழக்கத்துக்கு வந்தது. பழைய தாள் மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிற்கும். பசைக் கறையும் தனியாகத் தெரியும். பழைய படம் உரிந்த இடத்தின் பசைத்தடம் இப்போதிருக்கும் படத்தின் விளிம்போடு பொருந்தாவிட்டால் படம் மாறியிருக்கிறது.

இணையத்தில் வாங்குகிறேன். என்ன கேட்க வேண்டும்?

பின்பக்கப் படம், உள்பக்கப் படம், பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் மூன்றையும் கேளுங்கள். பக்கவாட்டுப் படத்தில்தான் காகித ஸ்பிரிங்குகள் நசுங்கியிருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று தெரியும். ஆல்பத்திலிருந்து பிய்த்ததா, உறை அதே அட்டையுடையதா என்றும் கேளுங்கள். உறையின் அளவும் அட்டையின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் பின்னால் சேர்ந்தவை.

பார்சல் விஷயத்தில் விற்பவருக்குத் தெளிவாக எழுதிவிடுவது நல்லது. தட்டை அட்டை என்றால் இருபுறமும் அதைவிடப் பெரிய, 2 முதல் 3 மில்லிமீட்டர் கெட்டி அட்டை, நான்கு பக்கமும் குறைந்தது 2 சென்டிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அட்டை இருக்கும் உறையின்மேல் டேப் ஒட்டக் கூடாது, எடுக்கும்போது பசை விளிம்பில் ஒட்டிவிடும். அடுக்கு வைத்த அட்டைக்குப் பெட்டிதான் வேண்டும். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே இறுக்கி அனுப்பினால் 150 வருடம் நிமிர்ந்து நின்ற ஸ்பிரிங் ஒரே பயணத்தில் படுத்துவிடும். பார்சல் வந்ததும் உடனே பிரிக்காமல் ஒரு நாள் அறையிலேயே வையுங்கள். குளிர்ந்த பெட்டியைப் புழுக்கத்தில் திறந்தால் தாள்மேல் நீர் பூக்கும்.

வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டுமா?

வேண்டாம். பருத்திக் கையுறையின் நூல் லேஸ் ஓட்டையில் மாட்டிக் கிழிக்கும், விரலின் நிதானமும் போய்விடும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கைதான் சிறந்தது. க்ரீம், விபூதி, எண்ணெய் எதுவும் கையில் இருக்கக் கூடாது. அட்டையைத் தூக்காமல், அடியில் ஒரு கெட்டித்தாளைச் செருகி அந்தத் தாளோடு தூக்குங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1840–1880 காலத்துக் கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத் தாள், செயற்கை இலை ஆகியவற்றில் ஆர்சனிக் கலந்த சாயம் இருக்கலாம். அவற்றுக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள், அந்த மேசையில் சாப்பிடாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். மூடிய உறைக்குள் இருக்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை.

எந்த உறையில் வைப்பது?

தட்டையான அட்டைக்கும் தபால் அட்டைக்கும் பூச்சு இல்லாத பாலியெஸ்டர் படல உறை, 50 முதல் 100 மைக்ரான் தடிமனில். பாலிப்ரொப்பிலீனும் பரவாயில்லை. பிவிசி மட்டும் கூடவே கூடாது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மென்மையான, மணம் வீசும் பிளாஸ்டிக் உறைகளில் பல பிவிசிதான். அதிலிருந்து கசியும் இளக்கி (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம்) அச்சு மையைக் கரைத்து இழுக்கும், நாளாக நாளாக அமிலமும் வெளியாகும்.

லேஸ் அட்டையைப் பாலியெஸ்டரில் செருகாதீர்கள். படலத்தில் நிலைமின்சாரம் உண்டு. உதிரத் தயாராக இருக்கும் வண்ணப்பொடியையும், மினுமினுப்புத் தூளையும், தளர்ந்த படத்தையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டதற்குத் தொட்டி அமைப்பு வேண்டும்: அமிலமற்ற கெட்டி அட்டையை அடியில் வைத்து, அதன்மேல் வேலன்டைனின் உயரத்தைவிட 3 மில்லிமீட்டர் அதிகமாக வரும்வரை சட்டம்போல் வெட்டிய கெட்டி அட்டைகளை அடுக்கி ஒட்டி, நடுக் குழிக்குள் வேலன்டைனை வைத்து, மேலே ஒரு மூடி. எடுக்க வசதியாகக் குழியின் ஒரு ஓரத்தில் விரல் நுழையும் அளவு வெட்டிவிடுங்கள்.

அமிலமற்ற தாளிலும் இரண்டு வகை. கால்சியம் கார்பனேட் சேர்த்துக் காரத்தன்மை ஏற்றியது சாதாரணக் காகிதத்துக்கு நல்லது. பட்டு, சாட்டின், இறகு, தலைமுடி ஒட்டிய அட்டைக்குக் காரம் சேராத தாள்தான் பொருந்தும். வாசனைப் பொட்டலம் வைத்த அட்டைகளும் உண்டு. லண்டன் வாசனைத் திரவியக்காரர் யூஜின் ரிம்மல் அப்படி விற்றதில் பேர்போனவர். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், எதிர்ப் பக்கத்தில் எண்ணெய் ஏறாமல் ஒரு டிஷ்யூ தாள் மட்டும் வையுங்கள்.

லேமினேஷன் போட்டால் பாதுகாப்புத்தானே?

அட்டை அன்றோடு முடிந்தது. சூட்டில் உருகிய பசை நார்களுக்குள் இறங்கிவிடும், எந்த வல்லுநராலும் முழுமையாகப் பிரிக்க முடியாது. புடைப்பு தட்டையாகும், வண்ணம் மாறும். தாளில் இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டு வேலையைத் தொடரும். சான்றிதழுக்கே யோசித்துச் செய்ய வேண்டியதை இந்த அட்டைகளுக்குச் செய்யவே செய்யாதீர்கள்.

சென்னை மாதிரி ஊரில் ஈரப்பதத்தை எப்படிச் சமாளிப்பது?

காகிதத்துக்கு உகந்தது 35 முதல் 50 சதவீத ஈரப்பதம். கடலோர ஊர்களில் 70-க்கு மேல் போவது சாதாரணம், ஐப்பசி கார்த்திகையில் 90-ஐயும் தொடும். 65-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். அதைவிட மோசமானது ஏற்ற இறக்கம். இரவு ஏசி, பகலில் அணைத்துவிடுவது என்ற பழக்கத்தில் தாள் தினமும் விரிந்து சுருங்கும். லேஸும் அடித்தாளும் படமும் வெவ்வேறு அளவில் விரிவதால் பசை விட்டுப்போகும்.

வீடு முழுவதையும் கட்டுப்படுத்த முயலாமல் பெட்டியைக் கட்டுப்படுத்துங்கள். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் பெட்டி ஒன்று, உள்ளே சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி, துணிப்பையில் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல். 10 லிட்டர் பெட்டிக்கு 100 கிராமில் தொடங்கி, மூன்று நாள் கழித்து மானியைப் பாருங்கள். 50-க்கு மேல் இருந்தால் இன்னும் கொஞ்சம் சேருங்கள், 35-க்குக் கீழே போனால் எடுத்துவிடுங்கள். ரொம்பக் காய்ந்தாலும் தாள் நொறுங்கும், பசை வெடிக்கும். ஜெல் நிறம் மாறியதும் 110–120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியபின் திரும்ப வைக்கலாம். நீல நிற ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது.

பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் ஏறும். தரையிலிருந்து ஒரு அடியாவது உயரத்தில், உள்சுவர்ப் பக்கம் வையுங்கள்.

ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா? வேப்பிலை?

இரண்டும் வேண்டாம். அந்துருண்டையின் ஆவி மூடிய பெட்டிக்குள் தாளில் ஏறி நாற்றமாகத் தங்கும், 1900-க்குப் பிந்தைய அட்டைகளில் இருக்கும் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் துண்டுகளையும் இளக்கும். காய்ந்த இலை ஈரத்தையும் பூச்சியையும் கூட்டிவரும்.

ராமபாணம் தேடி வருவது பசையை. மாவுப் பசையும் விலங்குப் பசையும் அதற்கு விருந்து. அட்டையின் மேற்பரப்பு மட்டும் சுரண்டியதுபோல் மெலிந்திருந்தால் அதன் வேலை. பெட்டி இறுக மூடியிருந்து ஈரப்பதமும் 50-க்குக் கீழே இருந்தால் அது பெருகாது. பூச்சி வந்துவிட்டது என்று தெரிந்தால் அட்டையை டிஷ்யூவில் சுற்றி, காற்றை நீக்கிய இரட்டை ஜிப் பையில் போட்டு, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். முன்னதாகத் திறந்தால் நீர் பூத்து, பூச்சியைவிட அதிகச் சேதம் செய்யும்.

பூசணம் பிடித்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாமா?

கூடாது. வெயில் சாயத்தை வெளுக்கும், தாளை வளைக்கும். 1856-க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த செயற்கைச் சாயங்கள் வெளிச்சத்துக்கு ரொம்பவே பலவீனமானவை.

முதலில் அந்த அட்டையை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஏசி ஓடும் உலர்ந்த அறையில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், மையொற்றுத் தாள்மேல் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். பூசணம் ஈரமாக இருக்கும்போது தொட்டால் கறை தேய்ந்து உள்ளே போகும். காய்ந்து பொடியானபின், என்95 முகக்கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் குழாயின் பக்கமாகத் தள்ளுங்கள். வாக்குவம் குழாய் அட்டையைத் தொடக் கூடாது, வாயில் வலைத்துணி கட்டியிருக்க வேண்டும்.

சிதறிய பழுப்புப் புள்ளிகள் வேறு விஷயம். தாளில் கலந்த இரும்புத் துகளாலோ பழைய பூசணத்தாலோ வருபவை அவை. ப்ளீச் வைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். புள்ளிகள் போகும், கூடவே தாளின் பலமும் போகும்.

தூசியையும் அழுக்கையும் எப்படி எடுப்பது?

மென்மையான ஆட்டுமுடித் தூரிகை, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. அவ்வளவுதான். தட்டையான, வண்ணமில்லாத பின்பக்கத்தில் மட்டும் காகிதச் சுத்திகரிப்புக்கான ரப்பர் பஞ்சை ஒற்றி ஒற்றி எடுக்கலாம். லேஸிலும் புடைப்பிலும் ரப்பர் படவே கூடாது. பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள், அனுப்பியவர் குறிப்பாக இருக்கலாம். தண்ணீர் வேண்டாம்: எழுத்து மை கசியும், சிவப்பு டிஷ்யூ சாயம் விடும், ஒட்டியதெல்லாம் கழன்று வரும்.

வெள்ளை வண்ணம் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அது அழுக்கு அல்ல. ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்தது. வெள்ளிப் பூச்சு லேஸ் கறுப்பதும் கந்தகத்தால்தான். இரண்டையும் துடைத்தால் எடுபடாது, பூச்சுதான் உரியும். அப்படியே விடுங்கள்.

கிழிசலை வீட்டிலேயே ஒட்டலாமா? மைதாப் பசை போதுமா?

தட்டையான தாளில் ஓரக் கிழிசல் என்றால் செய்யலாம். ஆனால் மைதாப் பசையால் அல்ல. மைதாவில் இருக்கும் பசையப் புரதம் காய்ந்தால் இறுகி மஞ்சளாகும், பூச்சியையும் அழைக்கும். பூச்சிக்காக மயில்துத்தம் கலந்த பசையோ இன்னும் கெடுதல். செம்பு தாளை அரித்துவிடும்.

வேண்டியது புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச். ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர். அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் கைவிடாமல் 20 முதல் 30 நிமிடம் கிளறினால் பால் வெள்ளை போய்க் கண்ணாடிபோல் மினுங்கும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, தயிர்ப் பதத்துக்கு நீர் சேருங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒட்டுக்கு ஜப்பானிய கோசோ தாள், சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் எடையுள்ளது. கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு போட்டு அந்தக் கோட்டில் கிழித்தெடுங்கள். விளிம்பில் நீட்டும் நார்தான் பிடிப்பு. பசையைக் கீற்றில் தடவி, மையொற்றுத் தாளில் ஒருமுறை ஒற்றி ஈரத்தைக் குறைத்துப் பின்பக்கமாக வையுங்கள். மேலே பாலியெஸ்டர் துணி, மையொற்றுத் தாள், சின்ன எடை. அரை மணி நேரம். ஈரம் அதிகமானால் கிழிசலைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும், அது போகாது. லேஸ் கிழிந்திருந்தால் நீங்கள் தொடாமல் காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

கழன்று விழுந்த படத்தை அவசரப்பட்டு ஒட்ட வேண்டாம். சின்ன உறையில் போட்டு, எந்த இடத்தில் பசைத்தடம் இருக்கிறது என்று எழுதி, அட்டையோடு வையுங்கள். பழைய செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மேல்தாள் முழுக்க உரிந்து வரும்.

சிலந்திவலை அட்டையை எப்படித் திறப்பது? தேன்கூட்டுக் காகித அட்டையை?

சிலந்திவலை அட்டை என்பது வட்டத் தாளைச் சுற்றுச் சுற்றாக நுணுக்கமாக வெட்டி, நடுவில் நூல் கட்டியது. நூலைத் தூக்கினால் தாள் கூடுபோல் எழுந்து, அடியில் மறைந்திருக்கும் முகமோ கவிதையோ தெரியும். நூலைப் பிடித்துத் தூக்கினால் எல்லா எடையும் நடுவிலிருக்கும் ஒரே புள்ளியில் விழும், அங்கேதான் எப்போதும் அறுகிறது. வெட்டுகள் எல்லாம் பிரிகிறதா என்று முதலில் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிறகு 1 சென்டிமீட்டர் அகலப் பாலியெஸ்டர் கீற்றை நடு வட்டத்துக்கு அடியில் ஓரமாக நுழைத்து, நூலைத் தளர்வாகப் பிடித்தபடி கீற்றால் தூக்குங்கள். படம் எடுக்க ஒருமுறை திறந்தால் போதும்.

தேன்கூட்டுக் காகிதம் (திறந்தால் அறை அறையாக விரியும் மெல்லிய தாள்) வைத்த அட்டைகளில் பழைய மடிப்பு அறைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாதிவரைதான் திறக்கிறது என்றால் பாதியோடு நிறுத்துங்கள். மூடிய நிலையிலேயே வையுங்கள். தேன்கூட்டுத் தாளின் சிவப்பு நிறம் பக்கத்து அட்டைக்கு ஏறாமல் டிஷ்யூ வையுங்கள். இழுத்தால் கண்ணோ கையோ அசையும் அட்டைகளில் பித்தளை ஆணி பச்சை பிடித்திருந்தால் அந்தப் பாகத்தை அசைப்பதையே நிறுத்திவிடுங்கள்.

செல்லுலாய்டு முகப்பு உள்ளவற்றை மற்ற அட்டைகளோடு அடைக்காமல், காற்றோட்டமுள்ள தனி அட்டைப் பெட்டியில் வையுங்கள். அது சிதையும்போது வெளிவரும் அமிலம் பக்கத்திலுள்ள தாளையும் கெடுக்கும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

சட்டம் போட்டு மாட்டலாமா?

அசலை இருட்டில் வைத்து, நல்ல நகலை அச்சிட்டு மாட்டுவதே எங்கள் யோசனை. அசலைத்தான் மாட்ட வேண்டும் என்றால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மிகாமல், வருடத்துக்கு மூன்று நான்கு மாதம் மட்டும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, அட்டையைத் தொடாத இடைவெளி, பின்னால் அமிலமற்ற அட்டை வேண்டும். சமையலறைச் சுவரும் பூஜையறைச் சுவரும் வேண்டாம்.

கிண்டல் அட்டைகளைச் சேகரிப்பது சரியா?

‘வினிகர் வேலன்டைன்’ என்று பெயர். 1840களிலிருந்து 1900களின் தொடக்கம்வரை மலிவான ஒற்றைத் தாளில் அச்சிட்டு, பிடிக்காதவர்களுக்குப் பெயர் போடாமல் அனுப்பியவை. முதிர்கன்னி, குடிகாரர், கஞ்சக் கடைக்காரர் என்று ஆள் ஆளாக வைத்து இழிவுபடுத்தும். வாங்கியவர்கள் கிழித்துப் போட்டதால் மிஞ்சியவை குறைவு. சமூகம் யாரையெல்லாம் பரிகசித்தது என்பதற்கு இவையே சான்று, ஆகவே சேகரிக்கத்தான் வேண்டும். மரக்கூழ்த் தாள் என்பதால் நொறுங்கும். மடிப்பைத் திரும்பத் திரும்பத் திறக்காமல், விரித்த நிலையில் காரம் சேர்த்த தாளோடு பாலியெஸ்டரில் வையுங்கள்.

பெரிய சேகரிப்புகளை எங்கே பார்க்கலாம்?

லண்டன் அருங்காட்சியகத்தில் ஜொனதன் கிங் சேர்த்த 1,700-க்கும் மேற்பட்ட வேலன்டைன்கள் இருக்கின்றன. மான்செஸ்டர் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தில் லாரா செடன் சேகரிப்பு உண்டு. ஹவ்லண்ட் அட்டைகளுக்கு வூஸ்டரில் உள்ள அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி. வாங்குவதற்கு முன் இவற்றின் இணையப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்கேன் செய்யலாமா? பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்?

தட்டை அட்டையை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். அடுக்கு அட்டையை ஸ்கேனரில் கவிழ்க்காதீர்கள், மூடியின் எடையே ஸ்பிரிங்கை நசுக்கிவிடும். கேமராவை மேலே நிறுத்தி, மூடியது, திறந்தது, பின்பக்கம், உறை, பக்கவாட்டு வெளிச்சத்தில் விளிம்பு என்று ஐந்து படமாவது எடுங்கள்.

பதிவேட்டில் அளவு மில்லிமீட்டரில், தயாரிப்பாளர் குறி எந்த இடத்தில் இருக்கிறது, கவிதையின் முதல் அடி, கையெழுத்து வரிகள் எழுத்துப்பிழையோடு அப்படியே, தபால் முத்திரையின் ஊரும் தேதியும், யாரிடமிருந்து எப்போது வந்தது, வந்தபோது இருந்த சேதம். எண்ணை அட்டையில் எழுத வேண்டாம், உறையின்மேல் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். அதுவும் அட்டையை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதுங்கள். வைத்தபின் எழுதினால் பென்சில் அழுத்தம் லேஸில் கோடாக விழும்.